நாலாம் வகுப்புக்குக் குழந்தை உரிமைகள்: ஒப்பிக்க வைப்பதைத் தாண்டி என்ன செய்யலாம்?

மூன்றாம்மணி (இழையைத் தொடங்கியவர்)

அடுத்த மாதம் நாலாம் வகுப்புக்குக் குழந்தைகளின் சட்ட உரிமைகளும் பாதுகாப்பும் பற்றிச் சில பாடவேளைகள் எடுக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது ஒரே பக்கம். வாழும் உரிமை, வளரும் உரிமை, பாதுகாப்பு உரிமை, பங்கேற்பு உரிமை என்று நான்கு கட்டம், நான்கு படம். கீழே "கோடிட்ட இடங்களை நிரப்புக". பிள்ளைகள் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்த நான்கு கட்டம் எந்த வகையில் கைகொடுக்கும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல். "உரிமைக்கு முன்னால் கடமையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்" என்கிறார் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் திட்டு வாங்கப்போவது அவர்தான். ஏற்கெனவே இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்? எதைத் தவிர்ப்பீர்கள்?

சாக்பீஸ்தூள்

டீச்சர், அந்த நான்கு கட்டத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள். தேர்வுக்கு வேண்டும், பாடத்துக்கு வேண்டாம்.

நான் 1924-இல் தொடங்குவேன். முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது அவர்களுக்காக நிதி திரட்டியவர் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவர் ஐந்தே அம்சங்களில் எழுதிய அறிக்கையை அன்றைய உலக நாடுகள் சங்கம் 1924-இல் ஜெனீவா பிரகடனமாக ஏற்றுக்கொண்டது. பசித்த பிள்ளைக்கு உணவு, நோய்ப்பட்ட பிள்ளைக்குக் கவனிப்பு, ஆதரவற்ற பிள்ளைக்கு இருக்க இடம், ஆபத்துக் காலத்தில் முதல் உதவி பிள்ளைக்கு, பிள்ளையைச் சுரண்டக் கூடாது, இப்படிப் போகும். அதை எளிய சொற்களில் பலகையில் எழுதிவிட்டு ஒரே கேள்வி: "இதில் என்னவெல்லாம் விட்டுப்போச்சு?"

முதலில் வருவது விளையாட்டு. அப்புறம் பள்ளிக்கூடம் (சில வகுப்பில் அதை யாருமே சொல்வதில்லை, நான் எதுவும் எடுத்துக்கொடுப்பதும் இல்லை). கொஞ்சம் பொறுத்தால் "எங்களை யாரும் ஒண்ணும் கேட்கலையே" என்று ஒரு குரல் வரும். அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். 1959-இல் ஐ.நா. வெளியிட்ட பத்துக் கோட்பாடுகளில் பெயர், குடியுரிமை, இலவசத் தொடக்கக் கல்வி, விளையாட்டு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அதற்கும் முப்பது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், 12-ஆம் பிரிவாக வந்தது. உலகத்துப் பெரியவர்கள் 65 ஆண்டில் வந்து சேர்ந்த இடத்துக்கு நாலாம் வகுப்பு ஒரு பாடவேளையில் வந்துவிடும். அந்தப் பெருமை அவர்கள் முகத்தில் தெரியும்.

தேவை எது, ஆசை எது என்று அட்டைகளைப் பிரிக்கும் விளையாட்டு ஒன்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. மிதிவண்டி தேவையா ஆசையா என்று சண்டை போட்டே மணி அடித்துவிடும். சட்டத்தின் பக்கமே போக மாட்டோம்.

கறுப்புக்கோட்டு

நான் வழக்குரைஞர். கடமை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1989 உடன்படிக்கையில் 54 பிரிவுகள். "குழந்தை இதைச் செய்ய வேண்டும்" என்று கடமை சுமத்தும் பிரிவு அதில் ஒன்றுகூட இல்லை. கடமைகள் எல்லாம் அரசுக்கும் பெரியவர்களுக்கும்தான். தலைமையாசிரியர் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்க நாடுகள் 1990-இல் தமக்கென்று உருவாக்கிய குழந்தை உரிமைச் சாசனத்தில் 31-ஆம் பிரிவு பிள்ளைகளின் பொறுப்புகளைப் பேசுகிறது. பெற்றோரையும் மூத்தோரையும் மதிப்பது, குடும்ப ஒற்றுமைக்குப் பாடுபடுவது எல்லாம் அதில் உண்டு. ஆகவே பொறுப்பைச் சொல்லித்தருவதே தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கேயும் "இதைச் செய்தால்தான் உனக்குப் பாதுகாப்பு" என்று எழுதி வைக்கவில்லை.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கும் அடி வாங்காமல் இருக்கும் உரிமை உண்டு. கடமையை முன்னால் நிறுத்தினால் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? "நான் ஒழுங்காக இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஏதாவது ஆனால், நான் ஒழுங்காக இல்லை." பிள்ளையைத் துன்புறுத்துகிறவர் அதன் காதில் ஓதுவதும் இதையேதான். அதற்கு நாமே முன்கூட்டி அடித்தளம் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

தலைமையாசிரியருக்குக் கடமைப் பத்தி கட்டாயம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் உரிமை. வலப்பக்கம் "இது யாருடைய வேலை?". பள்ளிக்குப் போவது என் உரிமை என்றால், பள்ளி நடத்துவது யார் வேலை, என்னை அனுப்புவது யார் வேலை, உள்ளே என்னை யாரும் அவமானப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை? அரசு, அம்மா அப்பா, ஆசிரியர், சக மாணவன் என்று அந்தப் பத்தி தானாக நிரம்பும். "சக மாணவன்" என்று எழுதும் இடத்தில் தலைமையாசிரியர் கேட்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது. விலையாக அல்ல.

இருபிள்ளைஅப்பா

ஆசிரியர்கள் கோபப்படாமல் கேட்கவும். போன வருஷம் என் மகளுக்கு இந்தப் பாடம் நடந்தது. வீட்டுக்கு வந்து, "என் டேப்லெட்டை எடுத்துப் பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது, எனக்குத் தனியுரிமை இருக்கு" என்றாள். பிரிவு எண்ணோடு! பாதியை நீங்கள் சொல்லி அனுப்புகிறீர்கள், மீதியோடு மல்லுக்கட்டுவது நாங்கள்.

இன்னொன்று. எட்டு வயதுப் பிள்ளை தலையில் ஏன் சட்டத்தை ஏற்ற வேண்டும்? பிள்ளையைப் பாதுகாப்பது எங்கள் பொறுப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எங்களுக்குப் பாடம் எடுங்கள்.

கறுப்புக்கோட்டு

உங்கள் மகள் சொன்ன எண் 16, உடன்படிக்கையில் தனியுரிமை பற்றிய பிரிவு. சரியான எண்தான். 5-ஐ அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ற வழிகாட்டல் கொடுக்கும் உரிமையும் பொறுப்பும் பெற்றோருக்கு உண்டு, அரசு அதை மதிக்க வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. ஒன்பது வயதில் கருவியை நீங்கள் பார்ப்பதும், பதினாறு வயதில் கேட்டுவிட்டுப் பார்ப்பதும், இரண்டுமே அதற்குள் அடங்கும். இணையத்தில் பிள்ளைகளின் உரிமை பற்றி ஐ.நா. குழு 2021-இல் தனியாகவே ஒரு விளக்கம் வெளியிட்டது. அதிலும் பாதுகாப்பு, தனியுரிமை இரண்டுமே பேசப்படுகின்றன. 16-ஐச் சொல்லும் அன்றைக்கே 5-ஐயும் சொல்லிவிட வேண்டும். இதில் உங்கள் குறை நியாயம்.

பெற்றோருக்குப் பாடம் எடுங்கள் என்றதும் நியாயம். 42-ஆம் பிரிவு இந்த உடன்படிக்கையைப் பெரியவர்கள், குழந்தைகள் இரு சாராருக்கும் தெரியப்படுத்தச் சொல்கிறது. பிள்ளைகளை அடிப்பதை வீட்டிலும் சேர்த்து முதன்முதலில் தடை செய்த நாடு ஸ்வீடன், 1979-இல். சட்டம் வந்ததும் அதைப் பற்றிய செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்தார்கள். சாப்பாட்டு மேசையில் பெரியவரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும் என்பதுதான் யோசனை.

இருபிள்ளைஅப்பா

பால் பெட்டி பிடித்திருக்கிறது. மற்றதைப் பொறுத்துப் பார்க்கிறேன்.

கேட்கும்காது

நான் பள்ளிகளில் உளவள ஆலோசகராக வேலை செய்கிறேன். எதைச் சொல்லித்தருவது என்று இவ்வளவு பேசிவிட்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பாதுகாப்புப் பாடம் முடிந்த அன்று மாலை ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதோ சொல்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது பள்ளியில் இருக்கும் எல்லாருக்கும் தெரியுமா? தெரியாதென்றால் பாடத்தைத் தள்ளி வையுங்கள். "நம்பிக்கையான பெரியவரிடம் சொல்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சொன்ன பிள்ளையிடம் "அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றால் அது மறுபடி வாயைத் திறக்காது.

நான் ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பது நேர்மையான வாக்கு. நீங்களே துப்பறியாதீர்கள். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று பதிலை வாயில் வைக்கும் கேள்வி கூடவே கூடாது. "என்ன நடந்தது என்று சொல்லு" போதும். 1980-களில் கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லாமல் 1990-இல் முடிந்தது. பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட முறையே அதில் பெரிய சர்ச்சையானது. ஏதாவது நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், அப்படிக் கேட்ட பிறகு உண்மையைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். தயவுசெய்து ஆசிரியர் அறையில் பேச வேண்டாம்.

அப்புறம் சட்டம். எங்கே புகார் செய்வது, யார் செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-இன் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ காவல்துறையிடம் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. சொல்லாமல் விடுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடுதல். "பள்ளியின் பெயர் என்னாவது" என்று தயங்கும் நிர்வாகத்திடம் இந்த இரண்டு பிரிவையும் அச்சடித்துக் கொடுங்கள். கட்டுரை எழுதிப் புரிய வைப்பதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

சின்ன விஷயம், ஆனால் முக்கியம். இந்தப் பாடத்தை வாரக் கடைசி நாளின் கடைசி மணியில் வைக்காதீர்கள், விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். சொல்ல மனது வந்த பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லாமல் போகும். ஆபத்தே வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு நாள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

மூன்றாம்மணி

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. அட்டவணையில் எனக்குக் கொடுத்திருப்பது வெள்ளிக்கிழமை கடைசி மணி. மாற்றச் சொல்கிறேன்.

வகுப்பிலேயே, எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளை சொல்ல ஆரம்பித்துவிட்டால்?

கேட்கும்காது

மென்மையாகக் குறுக்கிடுங்கள். "நீ சொல்வது முக்கியமான விஷயம், இடைவேளையில் நாம் இருவரும் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு, கட்டாயம் இடைவேளையிலேயே பேசுங்கள், மறுநாள் அல்ல. பிள்ளையை அடக்குவதற்கல்ல இது. மற்ற முப்பது பேருக்குத் தெரிந்துவிட்டால் அதன் பள்ளி வாழ்க்கையே வேறாகிவிடும்.

அதனால்தான் "வீட்டில் யாரையெல்லாம் அடிப்பாங்க, கை தூக்குங்க" மாதிரிக் கேள்விகள் ஆபத்து. கதையில் வரும் ஒரு பிள்ளையை வைத்துப் பேசுங்கள். "அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லலாம்? முதலில் சொன்னவர் நம்பவில்லை, அடுத்து யார்?" அந்த "அடுத்து யார்" கேள்வியை நான் விடவே மாட்டேன். நம்பும் ஆள் கிடைக்கும் வரை சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் நாலாம் வகுப்புக்கு நான் தரும் சட்ட அறிவில் பாதி.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்ற பிரிப்பையும் நான் விட்டுவிட்டேன். தடுப்பூசி வலிக்கும், அது கெட்டதா? தவறான தொடுதல் சில சமயம் வலிக்காது, பரிசோடு வரும், பிள்ளைக்குப் பிடித்த ஆளிடமிருந்தே வரும். முன்பின் தெரியாத ஆளால் இது நடப்பதைவிட, பிள்ளைக்குத் தெரிந்தவரால் நடப்பதுதான் அதிகம். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல் என்று சொல்லி, விதியைத் தெளிவாக வையுங்கள்: உடலின் மறைவிடங்களை மருத்துவம், சுத்தம் தவிர வேறு காரணத்துக்கு யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, அதை ரகசியமாக வைக்கச் சொல்லவும் கூடாது. உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லித்தாருங்கள். செல்லப் பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை சொல்வது கேட்பவருக்குப் புரியாமலே போகலாம்.

"வேண்டாம் என்று கத்து, ஓடு" என்பதை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். கத்த முடியாமல் உறைந்துபோன பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். "அப்போது முடியாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம், தப்பு உன்னுடையது இல்லை" என்ற வாக்கியம் அதே மூச்சில் வர வேண்டும்.

இப்படிச் சொல்லித்தந்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். பள்ளிகளில் நடத்தப்படும் இத்தகைய திட்டங்கள் பற்றிய 24 சோதனைகளைத் தொகுத்து, ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடின, பயம் கூடியதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்ல முன்வருவதும் கூடியதாகத் தெரிகிறது. உண்மையிலேயே துன்புறுத்தல் குறைகிறதா என்பதை அது நிறுவவில்லை. இரண்டாவது பாதியையும் பெற்றோரிடம் சொல்லுங்கள், மதிப்பார்கள்.

எட்டுத்திக்கு

உதவி எண்ணை யாரும் சொல்லவில்லையே. இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 116 111. வாய்ப்பாடு மாதிரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாக்பீஸ்தூள்

எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, பேசத் தெரிவது வேறு. நான் நடித்துப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் பிள்ளை, இன்னொருவர் தொலைபேசியின் மறுமுனை. "என் பெயர் சொல்ல மாட்டேன், ஒண்ணு கேட்கலாமா?" என்று தொடங்கலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. பேசாமல் வைத்துவிடும் அழைப்புகள் உதவி எண்களுக்குப் புதிதல்ல, தைரியம் வந்ததும் மறுபடி கூப்பிடலாம். கையில் தொலைபேசியே இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்பதையும் பேசிவிடுங்கள், இல்லையென்றால் எண் வெறும் எண்.

டீச்சர், இன்னொரு எச்சரிக்கை. உரிமைப் பாடம் முதலில் திரும்பித் தாக்குவது உங்களைத்தான். "விளையாட்டு எங்க உரிமைன்னு சொன்னீங்க, அப்புறம் ஏன் தண்டனையா பி.டி. பீரியடை எடுக்கறீங்க?" கேட்பார்கள். 1989 உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் சொல்கிறது. பள்ளி ஒழுங்குமுறை பிள்ளையின் மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று 28-ஆம் பிரிவும் சொல்கிறது. கணக்கு நோட்டு முடிக்காததற்கு விளையாட்டைப் பிடுங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? பாடத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும் ஒரு விதியாவது கையில் இல்லாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

பிடிக்காததெல்லாம் உரிமை மீறல் ஆகிவிடும் காலம் ஒன்றும் வரும். அதற்கு மூன்று குவியல்: சட்டத்துக்கு எதிரானது, பள்ளி விதிக்கோ வீட்டு விதிக்கோ எதிரானது, மனசு வலிக்கிறது ஆனால் இரண்டும் இல்லை. "ஆசிரியர் அடித்தார்", "அப்பா ஒன்பது மணிக்குத் தூங்கச் சொன்னார்", "தோழி விளையாட்டில் சேர்க்கவில்லை" என்று சீட்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் சீட்டைப் பெரும்பாலானோர் இரண்டாவது குவியலில் வைப்பார்கள். அங்கேதான் நிறுத்தி, சொந்த நாட்டுச் சட்டத்தை எடுக்க வேண்டும். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009, உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது.

குவியலோடு நிற்காமல் வகுப்பு நீதிமன்றமும் நடத்தலாம். போலந்து மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக் வார்சாவில் நடத்திய ஆதரவற்றோர் இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகள். ஆசிரியர்கள் மேலும் வழக்குப் போடலாம், அவரே கூண்டில் நின்றிருக்கிறார்.

கறுப்புக்கோட்டு

வகுப்பு நீதிமன்றத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை முப்பது பேர் முன்னால் குற்றவாளி ஆக்கும் சடங்காகத்தான் அது பெரும்பாலும் முடிகிறது. சட்டத்துக்கு முன்னால் வரும் பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று 1989 உடன்படிக்கையின் 40-ஆம் பிரிவே சொல்லும்போது, பாடம் என்ற பெயரில் அதற்கு நேர்மாறாகச் செய்வானேன்?

சாக்பீஸ்தூள்

கோர்ச்சாக்கின் சட்டத்தொகுப்பைப் பார்த்தால் உங்கள் எண்ணம் மாறலாம் சார். மன்னிப்பதற்கான பிரிவுகள்தான் அதில் அதிகம். தண்டிக்க அல்ல, பலவீனமானவனைப் பலசாலி தொந்தரவு செய்யாமலிருக்கவே அந்த நீதிமன்றம். 1942-இல் அந்தப் பிள்ளைகளோடு நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போய் அங்கேயே கொல்லப்பட்ட மனிதர் அவர். அவமானப்படுத்தும் சடங்கை அவர் கண்டுபிடித்தார் என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கறுப்புக்கோட்டு

கோர்ச்சாக்கை நம்புகிறேன். நாற்பது நிமிடப் பாடவேளையை நம்பவில்லை.

எட்டுத்திக்கு

வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சந்தேகம். வீட்டு வேலையில் உதவுவதும் குழந்தைத் தொழிலாளர் முறையா? என் தம்பி மகன் பாத்திரம் கழுவச் சொன்னால் இதைச் சொல்லித்தான் தப்பிக்கிறான்.

கறுப்புக்கோட்டு

இல்லை. பாத்திரம் கழுவட்டும். உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு தடுப்பது பொருளாதாரச் சுரண்டலையும், படிப்பைக் கெடுக்கிற, உடலுக்கோ மனத்துக்கோ தீங்கான வேலையையும். மிகக் கொடிய வகைக் குழந்தைத் தொழிலை ஒழிக்கச் சொல்லும் உலகத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் ஒப்பந்தம் 1999-இல் வந்தது, 2020-க்குள் அதன் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்றுவிட்டன. டீச்சர், வகுப்பில் இதை எடுக்கும்போது, மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அதன் பெற்றோரைக் குற்றவாளிகள் என்று அது நினைக்கும்படி பேசாதீர்கள்.

மூன்றாம்மணி

எல்லாருக்கும் நன்றி. "இது யாருடைய வேலை?" பத்தியைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். "என் பெயர் எத்தனை வரியில் வருது?" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். பாடம் செவ்வாய் காலைக்கு மாறிவிட்டது. வகுப்பு நீதிமன்றம் இந்த ஆண்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், சாக்பீஸ்தூள் ஐயா மன்னிக்கவும்.

பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்புகிறேன். வரைவு: "அடுத்த வாரம் உங்கள் பிள்ளை தன் உரிமைகளையும், உதவி கேட்கும் வழிகளையும் பற்றிக் கற்கும். வீட்டில் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்."

இருபிள்ளைஅப்பா

"பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்" வேண்டாம் டீச்சர், எங்களுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. என்ன கேள்வி வரும், அதற்கு நீங்கள் வகுப்பில் என்ன சொன்னீர்கள் என்று ஐந்தாறு வரி போடுங்கள். டேப்லெட் கேள்வி அதில் கட்டாயம் இருக்கட்டும், 5-ஆம் பிரிவோடு.

கேட்கும்காது

பிள்ளையோ பெற்றோரோ யாரிடம் வந்து பேசலாம் என்று பள்ளியின் பொறுப்பாசிரியர் பெயரையும் போடுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும்.